ஓட்ஸ் கிஸ்மிஸ் பிஸ்கட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் வீட்டிலேயே சுடும் ஓட்ஸ் கிஸ்மிஸ் பிஸ்கட்டைப் பற்றி எழுதியிருந்தேன். மார்த்தாண்டத்தில் 31 வருடம் பேக்கரி போர்மா (ரொட்டி சுடும் விறகடுப்பு) முன்னால் நின்றவன் நான். இப்போது பேரப்பிள்ளைகளுக்காக வீட்டு அவனில் (oven) சுடுகிறேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் மாவட்டத்துக் கடிதங்கள்.

அந்த இதழ் கிடைக்காதவர்களுக்காக அளவை மறுபடி சொல்லிவிடுகிறேன். வெண்ணெய் 100 கிராம், துருவிய கருப்பட்டி 100 கிராம், சர்க்கரை 30 கிராம், முட்டை ஒன்று, கோதுமை மாவு 90 கிராம், ஓட்ஸ் 130 கிராம், கிஸ்மிஸ் 75 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், பொடித்த கிராம்பு இரண்டு. உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் இனிப்பையும் நன்றாகக் குழைத்து, முட்டையை அடித்துச் சேர்த்து, மாவையும் பொடிகளையும் கலந்து, கடைசியில் ஓட்ஸும் கிஸ்மிஸும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். அப்புறம் எலுமிச்சையைவிடச் சற்றுச் சின்னதாக உருட்டி, லேசாக அமுக்கி, 175 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். 24 பிஸ்கட் வரும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன் அண்ணாச்சி. வெண்ணெயைக் காலையிலேயே வெளியே எடுத்து வைத்து, ஒரு கப் ஓட்ஸ், முக்கால் கப் மாவு என்று போட்டேன். தட்டில் வைத்த உருண்டை எல்லாம் பரந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே அடையாகிவிட்டது. எங்கே தவறு?
*— வாசகி, திங்கள்சந்தை*

தங்கச்சி, நீங்கள் எழுதியதிலேயே காரணம் இரண்டும் இருக்கிறது.

முதலாவது, வெண்ணெய். அது 32, 33 டிகிரிச் சூட்டிலேயே இளகி உருகத் தொடங்கும். சித்திரை மாதம் நம் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் வெண்ணெயை அறைச் சூட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி எழுதுகிறார்கள் என்றால், அவர்கள் அறை 20 டிகிரி. நம் வீட்டில் காலையில் எடுத்து வைத்த வெண்ணெய் பத்து மணிக்கு எண்ணெயாக நிற்கும். அந்த மாவு அவனுக்குள் போனதும், மாவும் முட்டையும் இறுகுவதற்கு முன்னால் கொழுப்பு ஓடிவிடும். ஓடினால் பிஸ்கட்டும் கூடவே ஓடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் மினுமினுப்பு ஒட்டக்கூடாது. குழைத்த மாவை ஒரு மணி நேரம் குளிர வைப்பதும் இதற்காகத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு கெட்டிப்படும்.

இரண்டாவது, கப். நான் கிராமில் எழுதியதை நீங்கள் கப்பில் போட்டிருக்கிறீர்கள். ஒரு அளவுக் கப் ஓட்ஸ் சுமார் 90 கிராம்தான் வரும். நான் சொன்னது 130. நாற்பது கிராம் ஓட்ஸ் குறைந்தால் உருகிய வெண்ணெயைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. சில நூறு ரூபாய்க்குச் சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. அதை வாங்கிவிடுங்கள் என்று மன்றாடியே கேட்கிறேன். பேக்கரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க எனக்குத் தந்த வேலை எடை போடுவதுதான்.

இன்னொன்றும் செய்யுங்கள். 24 உருண்டையையும் ஒரேயடியாக உள்ளே தள்ளாமல், முதலில் ஒரே ஒரு பிஸ்கட் சுட்டுப் பாருங்கள். பரந்தால் மாவில் இரண்டு ஸ்பூன் ஓட்ஸ் சேர்த்து இன்னும் அரை மணி நேரம் குளிர வையுங்கள். உருண்டையாகவே நின்று வெடித்தால் ஒரு ஸ்பூன் பால். உங்கள் மாவு, உங்கள் கருப்பட்டி, அன்றைக்கு அடிக்கிற வெயில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் அந்த ஒரு பிஸ்கட்டில் கிடைத்துவிடும். போர்மாவிலும் புது மூட்டை மைதா பிரித்தால் ஒரு துண்டு சுட்டுப் பார்க்காமல் தட்டு ஏற்றமாட்டோம்.

பிரவுன் சுகர் போட வேண்டிய இடத்தில் கருப்பட்டி போடச் சொல்கிறீர்கள். ருசி அதேபோல இருக்குமா? நான் வாங்கிய கருப்பட்டியில் பல்லில் மண் கடிபட்டது.
*— வாசகர், வில்லுக்குறி*

அதே ருசி இருக்காது. எனக்கு அதைவிட நன்றாகவே இருக்கிறது. பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையோடு கரும்புப் பாகின் கசண்டு சேர்ந்தது. அந்தக் கசண்டின் ஈரம்தான் பிஸ்கட்டின் நடுவை மெதுவாக வைக்கிறது. கருப்பட்டிக்கும் அந்த ஈரம் உண்டு. கூடவே புகை வாசமும் லேசான கரிப்பும் இருக்கும். கிஸ்மிஸின் புளிப்பினிப்போடு அது சேரும்போது, சின்ன வயதில் கருப்பட்டிச் சாயா குடித்தவர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

வித்தியாசம் ஒன்று உண்டு. பிரவுன் சுகருக்கு லேசான புளிப்புத் தன்மை இருப்பதால் வெளிநாட்டுக் குறிப்புகளில் சமையல் சோடா போடுவார்கள். புளிப்போடு சேர்ந்தால்தான் சோடா நன்றாகப் பொங்கும். கருப்பட்டியின் கதை வேறு. கருப்பட்டி காய்ச்சும் அக்கானி (பதநீர்) புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பனையில் கட்டுகிறார்கள். அந்தக் கருப்பட்டியோடு சோடாவும் சேர்ந்தால் பொங்காமல் சோப்பு வாடைதான் மிஞ்சுகிறது. இரண்டு தடவை நானே அப்படிச் செய்து மொத்தத்தையும் கொட்டினேன். அதனால்தான் தனக்குள்ளேயே புளிப்பு வைத்திருக்கும் பேக்கிங் பவுடரைச் சொன்னேன்.

மண்ணுக்கு வழி இருக்கிறது. கருப்பட்டியைத் தட்டி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைய மட்டும் சூடாக்கி, மெல்லிய துணியில் வடித்து, மறுபடி அடுப்பில் வைத்துக் கெட்டிப் பாகாகக் காய்ச்சுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் வெண்ணெயோடு சேர்க்க வேண்டும். பாகில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் என்பதால் மாவில் பத்து கிராம் கூட்டுங்கள்.

அவன் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. 180 டிகிரி வைத்தால் அடி கருகுகிறது, மேலே வெளுத்துக் கிடக்கிறது. என்ன செய்வது?
*— வாசகி, நாகர்கோவில்*

எனக்கும் இதுவே நடந்தது அம்மா. பேக்கரியை விட்டு வந்த பிறகு மகன் வாங்கித் தந்த அவனில் முதல் தட்டு வைத்தேன். அடி முழுக்கக் கரி. அதன் பிறகு அவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிப் பார்த்தேன். குமிழ் 180 காட்டும்போது உள்ளே 205 இருந்தது. வீட்டு அவன்களில் இந்த வித்தியாசம் சகஜம். வெப்பமானி இல்லாமல் எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

போர்மாவில் குமிழே கிடையாது. விடியற்காலையில் செங்கல் அறைக்குள் விறகை எரித்து, கனலை வாரி வெளியே எடுத்துவிட்டு, தரையைத் துடைத்து, ஒரு பிடி மைதாவைத் தூவிப் பார்ப்போம். எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். சட்டென்று கருத்தால் சூடு அதிகம். மெல்லப் பொன்னிறமானால் ரொட்டி ஏற்றலாம். ரொட்டி முடிந்து, பன் முடிந்து, செங்கல் ஓரளவு தணிந்த பிறகுதான் பிஸ்கட். ரஸ்க்குக்குக் கடைசிச் சூடு போதும், இரவெல்லாம் கிடந்து காயும். பிஸ்கட் இறங்குகிற சூட்டுக்காரன் என்று எங்கள் மேஸ்திரி சொல்லுவார். நீங்கள் அவனை 190 வரை ஏற்றி, தட்டை வைத்ததும் 170க்குக் குறைத்துப் பாருங்கள். தட்டு நடுத்தட்டில் இருக்கட்டும். கீழ்க்கம்பி கடுமையாக இருந்தால் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டை வைத்து இரட்டைத் தட்டாக்கிச் சுடுங்கள். அடி கருகுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒன்று முக்கியம். ஓரம் சிவந்து, நடு இன்னும் பச்சையாகத் தெரியும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். வேகவில்லையே என்று மனம் அடித்துக்கொள்ளும். சூடான தட்டிலேயே பத்து நிமிடம் கிடக்கும்போது மிச்சமும் வெந்துவிடும். நடுவும் இறுகட்டும் என்று காத்திருந்து எடுத்தால் ஆறிய பிறகு கல்.

எங்கள் வீட்டில் அவன் இல்லை. குக்கரில் வருமா?
*— வாசகி, இரணியல்*

வரும். கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட வேண்டும், இதை மறக்கவே கூடாது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குத் தூளுப்பு பரப்பி, அதன் மேல் ஒரு ஸ்டாண்ட். மூடி போட்டு நடுத்தர தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தட்டில் ஐந்தாறு உருண்டை மட்டும் வைத்து, தீயைச் சிம்மில் விட்டு 20 முதல் 25 நிமிடம். மூடியின் உள்பக்கம் வேர்க்கும், அந்தத் தண்ணீர் சொட்டினால் பிஸ்கட் பிசுபிசுத்துப் போகும். பாதியில் ஒரு தடவை மூடியை எடுத்துத் துடைத்துவிடுங்கள். மேலே அவனில் வருகிற நிறம் வராது. ருசியில் குறை இல்லை. உப்பை ஆறவைத்து எடுத்து வையுங்கள், இதே வேலைக்குத் திரும்பத் திரும்ப ஆகும்.

எந்த ஓட்ஸ் வாங்க வேண்டும்?
*— வாசகர், தக்கலை*

தட்டையாக, முழு இதழாகத் தெரியும் ரோல்டு ஓட்ஸ். ஆவியில் அவித்து உருளையில் நசுக்கியது அது. மூன்று நிமிடத்தில் வேகும் பொடி ஓட்ஸ்தான் கிடைத்தது என்றால் போடலாம், பிஸ்கட் மெதுவாக, கேக் போல வரும். துண்டாக நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ் வேண்டாம், வேகாமல் நறநறவென்று நிற்கும். மசாலா ஓட்ஸில் உப்பும் பூண்டும் இருக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். எதுவானாலும் வெறும் சட்டியில் ஐந்து நிமிடம் வாசம் வர வறுத்து, ஆறவைத்துப் போட்டால் பச்சை வாடை அடிக்காது.

நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயும் ஊற்றலாமா?
*— வாசகி, சுசீந்திரம்*

முட்டைக்குப் பதில் நன்றாகப் பழுத்த மட்டிப்பழம் (நம் ஊர் வாழைப்பழம்) இரண்டு, மசித்து 60 கிராம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே அதற்கு முன்பே பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டும் பழம் அதுதான். அதன் வாசம் சுட்ட பிறகும் நிற்கும். பழத்தில் இனிப்பு இருப்பதால் சர்க்கரை 30 கிராமையும் விட்டுவிடலாம். மொறுமொறுப்பு குறைந்து மெதுவாக வரும். மொறுமொறுப்புதான் வேண்டும் என்றால் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள்.

தேங்காய் எண்ணெய் தாராளமாக ஊற்றலாம். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு தண்ணீரும் மோரும்தான். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி பால். நெய்க்கும் இதே கணக்கு. தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழேதான் உறையும், நம் ஊரில் மார்கழி விடியலில் தவிர அது உறைவதில்லை. ஆகவே ஃபிரிட்ஜ் ஒரு மணி நேரத்தை இதில் குறைக்கவே கூடாது.

என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். ஓட்ஸும் கருப்பட்டியும்தானே, கொடுக்கலாமா?
*— வாசகி, கருங்கல்*

இந்தக் கேள்வி மட்டும் பதினொரு கடிதத்தில் இருந்தது. அதனால் கூசாமல் சொல்கிறேன். ஓட்ஸ் நல்லதுதான். அதில் உள்ள கரையும் நார், சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும். ஆனால் பிஸ்கட்டில் ஓட்ஸ் மட்டுமா இருக்கிறது? கருப்பட்டியும் சர்க்கரைதான். கிஸ்மிஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. என் அளவில் ஒரு பிஸ்கட்டுக்கு ஏழு கிராம் சர்க்கரை வருகிறது, ஒன்றரை டீஸ்பூன் போட்ட சாயாவுக்குச் சமம். கலோரி நூறை நெருங்கும். கருப்பட்டி உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அவருடைய மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்றால், சாப்பாட்டோடு சேர்த்து ஒன்று. எல்லோரும் தின்னும்போது அவர் மட்டும் வெறும் தட்டோடு உட்காரக் கூடாது என்ற உங்கள் வரி எனக்குப் புரிகிறது. இரண்டு கிஸ்மிஸ் மட்டும் வைத்துப் பாதி அளவில் தனியாக நாலு உருட்டுங்கள். என் அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்துவந்தேன்.

இனிப்புக்கு மார்த்தாண்டம் தேன் ஊற்றலாமா? பத்து மாதக் குழந்தைக்கும் கொடுக்க ஆசை.
*— வாசகி, குலசேகரம்*

குழந்தைக்கு வேண்டாம் மோளே. ஒரு வயது ஆகும்வரை தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் சில நேரம் ஒரு கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்கள் குடலில் அது ஒன்றும் செய்யாது, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அவன் சூட்டிலும் அந்த வித்து சாவதில்லை. முழுக் கிஸ்மிஸும் தொண்டையில் அடைக்கும். பத்து மாதத்துக்கு மட்டிப்பழத்தையும் ஓட்ஸையும் மட்டும் வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு ஊற்றலாம். 100 கிராம் கருப்பட்டிக்குப் பதில் 75 கிராம் தேன், ஓட்ஸ் 20 கிராம் கூடுதல், சூடு 160 டிகிரி. தேன் சீக்கிரம் சிவக்கும், கண்ணை எடுக்கக் கூடாது. ரப்பர் தளிர்விடும் மாதங்களில் எடுத்த தேன் புட்டியில் சீக்கிரம் உறைந்துவிடும். கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்ட வேண்டாம், வெந்நீரில் புட்டியை வைத்தால் இளகும்.

கிஸ்மிஸ் மேலே கருகிக் கசக்கிறது. பிள்ளைகள் பொறுக்கி நாய்க்குப் போடுகிறார்கள்.
*— வாசகர், ஆரல்வாய்மொழி*

முதலில் நாய்க்குப் போடுவதை நிறுத்துங்கள். திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கொஞ்சம் தின்றாலே ஆபத்தாகலாம்.

காய்ந்து கிடக்கும் கிஸ்மிஸை அப்படியே போட்டால் கருகத்தான் செய்யும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஈரம் ஒற்றியெடுத்து, இரண்டாக நறுக்கிப் போடுங்கள். உருட்டும்போது மேலே துருத்தி நிற்பதை விரலால் உள்ளே அமுக்கிவிடுங்கள். பொறுக்கி எடுக்கிற பிள்ளைக்கு நறுக்கிய துண்டு கண்ணில் படாது. கிஸ்மிஸே பிடிக்காது என்றால் அண்டிப்பருப்பை உடைத்துப் போடுங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம்? என் பாட்டிக்கு முந்திரி என்றால் திராட்சைதான், முந்திரிப்பருப்பு அவருக்கு அண்டிப்பருப்பு. பாசிப்பயறில் செய்யும் முந்திரிக்கொத்தில் முந்திரியைக் காணோமே என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு அவர் சொல்லும் பதில், அது திராட்சைக் கொத்துப் போல இருக்கிறதல்லவா என்பதுதான்.

என் வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் முப்பது நாள், நாற்பது நாள். இந்த பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பினால் கெடாமல் இருக்குமா?
*— வாசகி, தூத்தூர்*

சென்ற இதழில் சொன்ன பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள் அம்மா. அது ஈரப்பிஸ்கட். நல்ல வெயில் காலத்திலேயே ஒரு வாரம்தான் தாங்கும். ஐப்பசி மழையில் நாலாம் நாளே நமுத்துவிடும். கடல் காற்றில் இன்னும் சீக்கிரம்.

உங்களுக்காகப் போன வாரம் வேறு விதமாகச் சுட்டுப் பார்த்தேன். கருப்பட்டியை விட்டுவிட்டு வெள்ளைச் சர்க்கரை 110 கிராம், தேங்காய் எண்ணெய் 80 கிராம், முட்டை கிடையாது, மூன்று மேசைக்கரண்டி பால். கிஸ்மிஸை ஊறவைக்காமல் பொடியாக நறுக்கி 40 கிராம் மட்டும். மெல்லிசாகத் தட்டி 170 டிகிரியில் 15 நிமிடம். ஆறிய பிறகு ரஸ்க் போடுகிற மாதிரி மறுபடி 120 டிகிரியில் 25 நிமிடம் காயவிட்டேன். சடக்கென்று உடைகிறது. முழுக்க ஆறிய பிறகு பத்துப் பத்தாகச் சின்னக் கவரில் காற்றில்லாமல் கட்டி, கவர்களை இறுகிய மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். ஒரு கவர் பிரித்தால் மற்றவற்றுக்குக் காற்றுப் படாது. சூடாகக் கட்டினால் உள்ளே வேர்த்து எல்லாம் வீணாகும்.

இரண்டு வாரத்துக்கு நான் உறுதி சொல்வேன். அதற்கு மேல் ஓட்ஸின் கொழுப்பு காறத் தொடங்கும். ஆகவே டின்னின் மேல் தேதி எழுதி, முதல் பதினைந்து நாளுக்குள் தின்றுவிடச் சொல்லுங்கள். படகில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அளவை நாலு மடங்காக்குங்கள். ஆளுக்கு எட்டு வரும்.